கேள்வி கேட்கப் போனவள்

பத்தாம் வகுப்புக்கு வட்டமும் தொடுகோடும் நடத்திக்கொண்டிருந்தபோது வகுப்பு வாசலில் கலியபெருமாள் வந்து நின்றார். வக்கீல் லூர்துமேரியின் குமாஸ்தா. எப்போதும் கை நிறையக் கேஸ் கட்டுகளோடு ஓட்டமும் நடையுமாகத் திரிகிற மனிதர் அன்றைக்கு வெறுங்கையோடு நின்றார். அதைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

"அம்மா போயிட்டாங்க டீச்சர். பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில. வண்டி கெளம்பிடுச்சாம். மத்தியானத்துக்குள்ள வூட்டுக்கு வந்துடும்."

பிள்ளைகளிடம் திரும்பி, வக்கீல் லூர்துமேரி இறந்துவிட்டார் என்றேன். நடு பெஞ்சில் இருந்த ஒருத்தி தானாகவே எழுந்து நின்றாள். "எங்க அம்மா கேஸ அவங்கதான் டீச்சர் பாத்தாங்க," என்றாள். பிறகு ஒவ்வொருத்தியாக எழுந்தார்கள். நான் யாரையும் எழச் சொல்லவில்லை.

மறுநாள் அடக்கத்துக்கு முன்பு மாதா கோயில் வாசலில் கூட்டமாக நின்றிருந்தோம். நம் ஊர்க்காரர் ஒருவர், "அருமையான டீச்சர் உத்தியோகம். அத வுட்டுட்டு கோர்ட்டு கோர்ட்டுன்னு அலஞ்சு ஒடம்பக் கெடுத்துக்கிச்சு அந்தம்மா," என்று பெருமூச்சு விட்டார். "வேலைய வுட்டுத் தூக்கிட்டாங்கன்னுல்ல கேள்விப்பட்டேன்?" என்றார் பக்கத்தில் இருந்தவர். மூன்றாவது ஆள் ஒருவர், கல்யாணம் தட்டிப்போன வருத்தத்தில் மெட்ராஸுக்குப் போய்விட்டவள் என்று புதுக்கதை ஒன்றைத் தொடங்கினார்.

மூன்றும் பொய். லூர்து உயிரோடு இருந்திருந்தால் மூவரையும் வரிசையாக நிற்க வைத்துக் குறுக்கு விசாரணை செய்திருப்பாள். இப்போது அந்த வேலை எனக்கு வந்திருக்கிறது. அவள் ஏன் ஆசிரியை வேலையை விட்டாள் என்பதைக் கூட இருந்து பார்த்தவள் நான். உங்களில் பலருக்கு அவள் வக்கீலம்மா. சிலருக்கு வரலாற்று டீச்சர். எனக்கு லூர்து. 'அவர்' என்று நான் எழுதினால் "யாருடீ அது?" என்று கேட்டுச் சிரிப்பாள். அதனால் 'அவள்' என்றே எழுதுகிறேன்.

அறுபதுகளின் நடுவில் நாங்கள் இருவரும் ஒரே சமயத்தில் விருத்தாசலத்தில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தோம். நான் கணக்கு, அவள் வரலாறு. பள்ளியின் தாளாளருக்கு ஊருக்கு வெளியே பீங்கான் ஜாடி செய்கிற கம்பெனி ஒன்றும் இருந்தது. சூளையில் வேலை செய்கிறவர்களையும் பள்ளியில் வேலை செய்கிறவர்களையும் அவர் ஒரே மாதிரிதான் நடத்தினார். கூப்பிட்டால் வர வேண்டும், சொன்னால் செய்ய வேண்டும். சேர்ந்த கொஞ்ச நாளிலேயே, அவருடைய சொந்தக்காரப் பெண் வரலாற்றில் தேறவில்லை என்று லூர்துவைக் கூப்பிட்டனுப்பினார். "கொஞ்சம் பாத்துப் போடுங்க டீச்சர்." லூர்து சொன்னாள்: "அவ மறுபடி எழுதட்டும் சார், நான் மறுபடி திருத்தறேன். எழுதாததுக்கு நான் எப்படி மார்க் போட முடியும்?" அந்தப் பெண் மறுபடி எழுதினாள். இந்த முறை தேறவும் செய்தாள். தாளாளர் அதை மறக்கவில்லை.

எங்கள் பள்ளியில் அஞ்சலை என்று ஓர் ஆயா இருந்தாள். கருவேப்பிலங்குறிச்சிப் பக்கத்துக்காரி, கணவன் இல்லாதவள். பள்ளி விட்டதும் தாளாளர் வீட்டுக்குப் போய்ப் பாத்திரம் தேய்த்துத் துணி துவைக்க வேண்டும் என்பது எழுதப்படாத விதி. அவளுக்கு முன்னால் இருந்த ஆயாக்கள் எல்லாரும் செய்தார்கள். அஞ்சலை ஒருநாள் மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். "எனக்குச் சம்பளம் ஸ்கூலுக்குங்க. வூட்டு வேலைக்கு வேற ஆளப் பாத்துக்குங்க." சத்தம் போடவில்லை, கோபப்படவில்லை. சொல்லிவிட்டு மணி அடிக்கப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு வந்த ஆண்டுவிழாவை ஒட்டித்தான் தையல் அறையில் இருந்த புது மெஷினின் தலைப்பகுதி காணாமல் போனது. தாளாளர் போலீசில் அஞ்சலையின் பெயரைக் கொடுத்தார். அவளிடம் சாவி இருந்தது, முதல்நாள் மாலை அந்த அறைக்குள் போனாள், பார்த்த சாட்சி இருக்கிறது என்றார். சாட்சி லூர்து.

உண்மையில் நடந்தது இதுதான். விழா மேடைக்குத் திரைத்துணி வேண்டும் என்று அஞ்சலையைத் தையல் அறைக்கு அனுப்பியதே லூர்துதான். அஞ்சலை துணியை எடுத்துவந்து கொடுத்தாள். வேறு எதையும் எடுத்து வரவில்லை. பிறகு எங்கள் கண் முன்னால்தான் வீட்டுக்குக் கிளம்பிப் போனாள். இதைக் கோர்ட்டில் சொன்னால் அவளை விட்டுவிடுவார்கள் என்று லூர்து நம்பினாள். சம்மன் வந்தபோது சந்தோஷப்பட்டாள் என்றுகூடச் சொல்லலாம். "நான் பாத்தத அப்பிடியே சொல்லிட்டு வந்துடறேன் கமலா. இதுல என்ன இருக்குது?" என்று சலவைப் புடவையைத் தேடிக் கட்டிக்கொண்டு வந்தாள். துணைக்கு நானும் போனேன்.

கூண்டில் ஏறினாள். அரசுத் தரப்பு வக்கீல் கேட்டார்.

"தையல் ரூம் சாவி அஞ்சலை கையில இருந்ததா?"

"இருந்தது. ஆனா நான்தான்..."

"இருந்ததா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்க."

"இருந்தது."

"அன்னைக்குச் சாயந்திரம் அவ அந்த ரூமுக்குள்ள போனதப் பாத்தீங்களா?"

"பாத்தேன். திரைத்துணி எடுத்தாரச் சொல்லி..."

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்கம்மா. இது ஸ்கூல் இல்ல. பாத்தீங்களா, இல்லையா?"

"பாத்தேன்."

"மறுநாள் காலைல மெஷின் இருந்ததா?"

"இல்ல."

அவர் உட்கார்ந்துவிட்டார். அஞ்சலைக்கு வக்கீல் கிடையாது. மாஜிஸ்திரேட் அவளைப் பார்த்து, சாட்சியிடம் ஏதாவது கேட்கவேண்டுமா என்றார். அஞ்சலை கைகளைக் கூப்பினாள். "டீச்சரம்மா சொன்னா சரியாத்தாங்க சாமி இருக்கும். அவங்க பொய் பேச மாட்டாங்க."

லூர்து கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டு, "ஐயா, நான் இன்னும் சொல்லி முடிக்கல," என்றாள். "முடிஞ்சுதும்மா. எறங்குங்க," என்றார் டவாலிச் சேவகர். இறங்கினாள். அஞ்சலைக்குச் சில வாரம் சிறைத் தண்டனை கிடைத்தது. வேலையும் போயிற்று.

வெளியே வந்ததும் லூர்து என்னிடம் சொன்னது இன்றைக்கும் காதில் இருக்கிறது. "கமலா, நான் ஒரு பொய்கூடச் சொல்லல. நான் சொன்ன உண்மையாலதான் அவ உள்ள போறா."

அழவில்லை. நேராக அந்த அரசுத் தரப்பு வக்கீலிடம் போனாள். அவர் புளியமரத்தடியில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். "நான் சொல்ல வந்தத ஏன் சார் சொல்ல வுடல?" என்று கேட்டாள். அவர் கெட்டவர் இல்லை. பொறுமையாகவே பதில் சொன்னார். "அத நான் கேக்கக் கூடாதும்மா. எதிர்த்தரப்பு வக்கீல் கேக்கணும். அந்தம்மாவுக்குத்தான் வக்கீலே இல்லயே."

"இருந்திருந்தா?"

"யாரு அனுப்பி அவ அந்த ரூமுக்குப் போனான்னு உங்கள ஒரு கேள்வி கேட்டிருப்பான். கேஸ் அங்கயே படுத்திருக்கும்."

லூர்துவும் நானும் வீட்டுக்கு நடந்தோம். மணிமுத்தாற்றுப் பாலத்தில் நின்று, தண்ணீரில்லாத மணலைப் பார்த்து, "ஒரு கேள்வி. கேக்க ஒரு ஆளு இல்ல," என்றாள். அவ்வளவுதான்.

அப்பீல் போகலாம் என்று அஞ்சலையின் அண்ணனைத் தேடிப் போனாள். அவர் கையெடுத்துக் கும்பிட்டு, "நீங்க சொன்ன சாட்சியே போதும் தாயி," என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார். அஞ்சலை சிறையிலிருந்து வந்ததும் லூர்து தாளாளர் அறைக்குப் போனாள். நானும் கூடப் போனேன். அஞ்சலையைத் திரும்ப வேலையில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றாள். அவர் சிரித்தார்.

"கோர்ட்டுல திருடின்னு ஆயிப்போச்சு. எப்படிச் சேக்கறது? சாட்சி சொன்னதே நீங்கதானே டீச்சர்?"

லூர்து அவர் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். அவளை அவ்வளவு அமைதியாக நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"ஆமா. இதுவரைக்கும் நான் பதில் சொன்னேன். இனிமே கேள்வி கேக்கப் போறேன்," என்றாள்.

அன்றுதான் அவள் சட்டம் படிப்பதென்று முடிவு செய்தாள். அவளை யாரும் வேலையை விட்டுத் தூக்கவில்லை. அந்தக் கல்வியாண்டு முடியும்வரை ஒரு பாடம் விடாமல் நடத்திவிட்டுத் தானாகவே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். "வெளிய போனா இந்தச் சுத்து வட்டாரத்துல எந்த ஸ்கூல்லயும் வேலை கெடைக்காது," என்று தாளாளர் மிரட்டிப் பார்த்தார். "ஸ்கூல்ல வேலை கேட்டு வரப் போறதில்லீங்க," என்றாள்.

வீட்டில் அவளுடைய அண்ணன் ரயில்வேயில் இருந்தார். நல்ல மனிதர், ஆனால் தங்கை இப்படிக் கிளம்புவதை அவரால் தாங்க முடியவில்லை. "முப்பது தாண்டிப் போச்சு. இந்த வயசுல காலேஜுக்குப் போறாளாம். ஜங்ஷன்ல எவன் மூஞ்சியில முழிக்கறது?" என்று குதித்தார். லூர்து காபி ஆற்றிக்கொண்டே சொன்னாள்: "கல்யாணத்துக்கு வயசு தாண்டிப் போச்சுன்னு நீதான அண்ணே சொல்லிக்கிட்டு இருந்த? அதத் தாண்ட வுட்டாச்சு. படிப்பையும் தாண்ட வுடணுமா?" அண்ணன் காபியை வாங்கிக் குடித்தார். மெட்ராஸுக்கு ரயிலேற்றிவிட வந்தவரும் அவர்தான், பெட்டியைத் தூக்கிக்கொண்டு.

சட்டக் கல்லூரியில் இடம் கேட்டுப் போனபோது, "இத்தன வருஷ டீச்சர் சர்வீஸ ஏன் வுட்டுட்டு வர்றீங்க?" என்று கேட்டிருக்கிறார்கள். சேவை, லட்சியம் என்று ஏதாவது சொல்லு என்று நாங்கள் எல்லாரும் சொல்லித்தான் அனுப்பினோம். அவள் அஞ்சலையின் கதையைச் சொல்லியிருக்கிறாள். எதிரே இருந்தவர், "ஆத்திரத்துல எடுத்த முடிவு மாதிரி இருக்கே?" என்றாராம். "ஆமாங்க. அப்புறம் நிதானமா யோசிச்சுப் பாத்தேன். அப்பவும் இதே முடிவுதான் வந்துச்சு," என்று சொல்லியிருக்கிறாள். இடம் கிடைத்தது.

கூடப் படித்தவர்கள் எல்லாம் சில வருஷம் முன்னால் அவளிடம் எட்டாம் வகுப்பு படித்திருக்கக்கூடிய வயதுக்காரர்கள். அவளை "டீச்சர்" என்றே கூப்பிட்டார்களாம். பின்னால் உட்கார்ந்து சத்தம் போட்டவர்களைத் திரும்பிப் பார்த்தே அடக்கியிருக்கிறாள். விடுமுறையில் வந்து இதையெல்லாம் சொல்லும்போது சிரிப்பாள். ஆனால் சாட்சியச் சட்டத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் சிரிப்பு நின்றுவிடும். "குறுக்கு விசாரணைன்னு ஒண்ணு இருக்குது கமலா. அது எல்லாருக்கும் உள்ள உரிம. அஞ்சலைக்கும் இருந்துச்சு. உனக்கு உரிம இருக்குதுன்னு அவகிட்ட யாரும் புரியறாப்ல சொல்லல. ஏதாவது கேக்கணுமான்னு கேட்டா போதுமா? கேக்கத் தெரிய வேணாமா?"

எழுபதுகளின் தொடக்கத்தில் விருத்தாசலத்துக்கே திரும்பி வந்தாள். கடலூரிலும் மெட்ராஸிலும் இருக்கச் சொன்னவர்கள் உண்டு. "சாட்சி சொன்ன ஊர்லதான் கேள்வியும் கேக்கணும்," என்றாள். பாலக்கரைக்குப் பக்கத்தில் ஓர் அறை பிடித்துப் பலகை மாட்டினாள். பி.ஏ., பி.டி., பி.எல். என்று போட்டிருந்தாள். ஆசிரியப் பயிற்சிப் பட்டமான அந்த பி.டி.யை எடுத்துவிடலாமே என்று பெரிய வக்கீல் ஒருவர் யோசனை சொன்னார். "எதுக்குங்க? அதுவும் படிச்சு வாங்கினதுதான்," என்று விட்டுவிட்டாள்.

முதல் வேலையாக அஞ்சலையைப் பார்க்கப் போனோம். அவள் கடலைக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். லூர்து வரப்பில் நின்று, சட்டம் படித்து முடித்துவிட்டதாகச் சொன்னாள். அஞ்சலை நிமிர்ந்தாள்.

"உங்க மேல எனக்குக் கோவம் இல்ல டீச்சர். அன்னைக்கும் இல்ல. ஆனா நீங்க கறுப்புக் கோட்டு போட்டா எம்மேல இருக்கற திருடிப் பட்டம் போயிடுமா?"

"போவாது," என்றாள் லூர்து.

"அப்பறம் எதுக்கு வந்தீங்க?"

"போவாதுன்னு உங்ககிட்ட நேர்ல சொல்லணும்னு வந்தேன்."

அஞ்சலை மறுபடி களை எடுக்கக் குனிந்துகொண்டாள். "வெயிலு ஏறுது. பாத்துப் போங்க," என்றாள். பஸ்ஸில் வரும்போது லூர்து, "அவ சரியாத்தான் கேட்டா," என்றாள்.

அந்தத் தையல் மெஷினை யார் எடுத்தார்கள் என்று இன்றுவரை தெரியாது. தெரியாமலேயே ஒருத்தியைத் திருடியாக்க முடிந்தது. லூர்துவைத் தூங்கவிடாமல் செய்தது அதுதான்.

சில மாதம் அவள் அறைக்கு யாரும் வரவில்லை. பொம்பளை வக்கீல் என்று தயங்கினார்கள். முதலில் வந்தவள் பவுனம்மாள். வேறொருவரின் பீங்கான் சூளையில் ஜாடி சுமக்கிறவள். சூளை வாசலில் தீப்பிடித்து ஒரு கை முழுக்க வெந்துபோயிருந்தது. அவள் தன் கம்பெனி ஆளே இல்லை, வேடிக்கை பார்க்க வந்தவள் என்று முதலாளி கையை விரித்துவிட்டார். "யாரு அனுப்புனா?" என்று லூர்து கேட்டாள். பவுனம்மாள் சொன்னாள்: "அஞ்சலக்கா. அந்த டீச்சர்கிட்டப் போ, ஒன்னப் பேச வுடும்னு சொன்னாங்க."

லூர்து எழுந்து உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

கடலூரில் அந்த நஷ்டஈட்டு விசாரணை நடந்த நாள் எனக்கு விடுமுறை. போய் உட்கார்ந்திருந்தேன். பவுனம்மாளைப் பேச வைத்தபோது, "பயப்படாம முழுசாச் சொல்லுங்க. நீங்க முடிக்கற வரைக்கும் நான் குறுக்க பேச மாட்டேன்," என்று சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து ஆட்சேபித்தபோதெல்லாம், "சாட்சி இன்னும் முடிக்கலைங்க," என்றாள், அலுக்காமல், திரும்பத் திரும்ப. பிறகு கம்பெனி மேஸ்திரி கூண்டில் ஏறினார். தீயை முதலில் பார்த்தது தான்தான் என்றும், பவுனம்மாளின் தலையில் பற்றியதைத் தட்டிவிட்டுத் தண்ணீர் ஊற்றிக் காப்பாற்றியது தான்தான் என்றும் பெருமையாகச் சொன்னார்.

"தலையில என்ன பத்திச்சு?" என்றாள் லூர்து.

"சும்மாடுங்க."

"வேடிக்க பாக்க வர்றவங்க தலையில சும்மாடு வெச்சுக்கிட்டா வருவாங்க?"

சுமை தூக்காதவள் எதற்குச் சும்மாடு கட்ட வேண்டும்? மேஸ்திரி முதலாளியைத் திரும்பிப் பார்த்தார். லூர்து, "அங்க பாக்காதீங்க. யோசிச்சு, முழுசாவே பதில் சொல்லுங்க, எனக்கு அவசரமில்ல," என்றாள். தீர்ப்பு பவுனம்மாள் பக்கம் வந்தது. அதற்குப் பிறகு மங்கலம்பேட்டையிலிருந்தும் வேப்பூரிலிருந்தும் பெண்கள் பஸ் ஏறி வந்தார்கள். அவள் வீட்டு வாசலில் எத்தனை ஜோடி செருப்பு கிடக்கும் என்பது உங்களுக்கே தெரியும்.

ஒருநாள் அங்கே தாளாளரின் செருப்பும் கிடந்தது. தம்பியோடு சொத்துத் தகராறு. தம்பி ஊரில் இருந்த நல்ல வக்கீல்களை எல்லாம் முன்னாலேயே பிடித்துவிட்டார். தாளாளர் வயதாகி, குரல் இறங்கி, என் கண் முன்னால் வந்து உட்கார்ந்தார். பழையதை மனதில் வைத்துக்கொள்ளக் கூடாது என்றார். லூர்து முழுக்கக் கேட்டாள்.

"உங்க கேஸ நான் எடுக்க மாட்டேங்க. பழையத மனசுல வெச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்," என்றாள். அவர் எழப் போனார். "ஒக்காருங்க. வக்கீல் இல்லாமப் போயிடாதீங்க. வக்கீல் இல்லாம யாரும் கோர்ட்டுக்குப் போகக் கூடாது. பண்ருட்டியில நல்ல ஆளு ஒருத்தர் இருக்காரு, சொல்லி அனுப்பறேன்."

சொன்னபடி சொல்லியும் அனுப்பினாள். அவர் போன பிறகு, "ஏன்டீ அந்த ஆளுக்கு இவ்வளவு செய்யற?" என்று எரிச்சலோடு கேட்டேன். "அவருக்கா செஞ்சேன்?" என்றாள்.

வயிற்றில் கட்டி என்று லூர்துவைப் பாண்டிச்சேரியில் சேர்த்திருந்தபோது போய்ப் பார்த்தேன். டாக்டர் வந்து, அவளுடைய அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டு இங்கிலீஷில் மெதுவாகப் பேசினார். கட்டிலிலிருந்து லூர்துவின் குரல் வந்தது. "டாக்டர், ஒடம்பு என்னோடது. எங்கிட்டச் சொல்லுங்க. எத்தன கேஸு கையில இருக்குது, யார்கிட்ட ஒப்படைக்கணும்னு நான் முடிவு பண்ணணும்." டாக்டர் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எல்லாவற்றையும் சொன்னார். அவள் கேள்வி மேல் கேள்வி கேட்டாள். போகும்போது அவர் அவளைப் பார்த்து, "நீங்க டீச்சரா, வக்கீலாம்மா?" என்றார். "ரெண்டும்தான்," என்றாள்.

கையிலிருந்த கேஸ்களை எல்லாம் கலியபெருமாளை வரவழைத்து ஒவ்வொன்றாகத் தகுந்த ஆட்களிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் போனாள். இறுதிவரைக்கும் முகத்தில் பயம் பார்க்கவில்லை. எரிச்சல் பார்த்தேன். வேலை பாதியில் நிற்கிறதே என்ற எரிச்சல்.

அடக்கம் முடிந்து திரும்பும்போது எல்லாரும் என்னிடம், அவள் ஆன்மா இனி அமைதியாக இருக்கும் என்று ஆறுதல் சொன்னார்கள். நல்ல எண்ணத்தில் சொல்கிறார்கள் என்று தெரியும். ஆனால் நான் தலையாட்டவில்லை. பத்து வருஷத்துக்கு மேல் ஒரு கோபத்தைக் கெடாமல் வைத்திருந்தாள். அதில் யாரையும் எரிக்கவில்லை, தன்னையும் எரித்துக்கொள்ளவில்லை. அதை வைத்துப் படித்தாள், வேலை செய்தாள், பவுனம்மாள்களைப் பேச வைத்தாள். இன்றைக்கும் நம் ஊர்க் கோர்ட்டுக்குப் போய்ப் பாருங்கள். கேட்பதற்கு ஆளில்லாமல் கைகூப்பி நிற்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்வரை லூர்து எப்படி அமைதியாக இருப்பாள்? இருக்க வேண்டாம். அவளுடைய புத்தகங்களைச் சட்டம் படிக்கிற ஒரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார்கள். கறுப்புக் கோட்டை லூர்துவோடு பெட்டிக்குள் வைத்தார்கள். அந்தக் கோபத்தை யாரும் கேட்கவில்லை. அதை நான் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.